இரண்டு ஜாடி ஆப்பிள் வைன், ஒன்றில் மட்டும் ஸ்பையர்லிங் காய்ச் சாறு

போன வருடம் செய்த ஆப்பிள் வைன் முழுவதையும் ஜனவரி மாதம் கொட்டிவிட்டேன். பதினெட்டு லிட்டர். மேலே சுருக்கம் சுருக்கமாக ஒரு வெள்ளைப் படலம் படர்ந்திருந்தது. அதை விலக்கி மோந்து பார்த்தால் காடி நெடி மூக்கில் ஏறியது. வாயில் வைத்தால் தண்ணீரில் ஊறிய ஆப்பிள் தோலின் சுவை. மூன்று மாதம் காத்திருந்த பொருளைச் சாக்கடையில் ஊற்றும்போது மனம் கனத்தது. இந்த வருடம் மறுபடி செய்தேன், நன்றாக வந்திருக்கிறது. எங்கே தவறினேன், எதை மாற்றினேன் என்பதை எல்லாம் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்ததால், அதை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஃபிராங்க்ஃபர்ட்டில். இந்த ஊரின் பானம் ஆப்பிள் வைன். எழுத்து ஜெர்மனில் 'அப்ஃபெல்வைன்', ஊர்ப் பேச்சில் 'எப்பெல்வொய்'. கடைகளில் கிடைக்கும் இனிப்பான, நுரைக்கிற ஆங்கிலேய சைடரை மனதில் வைத்துக்கொண்டு இதைக் குடித்தால் ஏமாற்றம்தான். இதில் இனிப்பே கிடையாது. நல்ல புளிப்பு, அதற்குப் பின்னால் ஒரு துவர்ப்பு, ஐந்தரை முதல் ஏழு சதவீதம் வரை ஆல்கஹால். ஸாக்ஸன்ஹவுஸன் பகுதியில் நீண்ட மேசைகளில் முன்பின் தெரியாதவர்களோடு தோள் இடிக்க உட்கார்ந்துதான் இதைக் குடிக்க வேண்டும். சாம்பல் நிற மண்ஜாடியில், நீலப் பூவேலையோடு, மேசைக்கு வரும். அந்த ஜாடியின் பெயர் பெம்பெல். ஊற்றிக் குடிக்கும் கண்ணாடி டம்ளரில் வைரக் கட்டம் போட்டு வரி ஓடும். கையில் பன்றிக்கறியின் கொழுப்பு இருந்தாலும் வழுக்காமல் இருக்கத்தான் அந்த வரி என்பார்கள். முதல் தடவை என் முகம் சுளித்ததைப் பார்த்த எதிர் இருக்கை அம்மையார், "மூன்றாவது டம்ளர் வரை பொறுத்திருங்கள்" என்றார். அவர் சொன்னது சரிதான். மூன்றாவது டம்ளரில் அந்தத் துவர்ப்பு நாக்கில் தங்கியது, நான்காவது கேட்கத் தோன்றியது.

அந்தத் துவர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல்தான் முதல் வருடம் வேலையில் இறங்கினேன்.

முதல் வருடம் செய்த தவறுகள்

சூப்பர் மார்க்கெட்டில் நாற்பது கிலோ சிவப்பு ஆப்பிள். இனிப்பு ரகம். சமையலறை ஜூஸரில் பிழிந்து, 25 லிட்டர் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, ஈஸ்ட் போட்டு, மேலே காற்றுப்பூட்டு மாட்டினேன். காற்றுப்பூட்டு என்பது வளைந்த கண்ணாடிக் குழாய். நடுவில் தண்ணீர் நிற்கும். உள்ளே உண்டாகும் வாயு குமிழியிட்டு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. நன்றாகவே நொதித்தது. தவறு அதற்குப் பிறகு. நொதிப்பு நின்றதும் ஜாடியின் மேல்பகுதியில் ஏழு லிட்டர் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. நொதிக்கும்வரை அந்த இடத்தில் கரியமில வாயு நிறைந்திருக்கும், பயமில்லை. நின்றபிறகு நான் சுவை பார்க்க அடிக்கடி அடைப்பைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் காற்று போனது. காற்று இருந்தால் படல ஈஸ்ட் மேலே படரும், கூடவே சாராயத்தைக் காடியாக்கும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கும். இந்த ஊர்க்காரர்கள் பாத்திரத்தை 'அடைப்பு முட்ட' நிரப்பி வைப்பதன் காரணம் இதுதான்.

இரண்டாவது தவறு பழத்தில். இனிப்பு ரக ஆப்பிளில் சர்க்கரைக்குக் குறைவில்லை, புளிப்பு குறைவு, துவர்ப்பு இல்லவே இல்லை. புளிப்புதான் கெட்ட கிருமிகளைத் தள்ளி நிறுத்தும் காவல். துவர்ப்புதான் குடிக்கும்போது வாய்க்குள் நிற்கும் உடம்பு. இரண்டும் இல்லாத சாற்றில் சர்க்கரை முழுவதும் சாராயமாகிப் போனால் மிஞ்சுவது வெறும் தண்ணிச் சுவை.

இதை எனக்குச் சொன்னவர் பெர்கன்-என்க்ஹைம் சரிவில் பழமரங்கள் வைத்திருக்கும் ஒரு பெரியவர். நடைப்பயிற்சியில் பழக்கம். எழுபது வயதைத் தாண்டியவர், ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தன் வீட்டுக்கென்று நூறு லிட்டர் செய்பவர். நான் வாங்கிய ஆப்பிளின் பெயரைக் கேட்டதும், "அது கடித்துத் தின்கிற பழம். வைனுக்கு ஆகிற பழத்தைக் கடித்தால் நீங்கள் துப்பிவிடுவீர்கள்" என்றார்.

செப்டம்பர் 21: ஸ்பையர்லிங்

பெரியவரின் தோட்டத்துக்குப் போனேன். தோட்டம் என்றால் வரிசை நட்ட பண்ணை இல்லை. புல்வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உயர்ந்த பழைய மரங்கள், ஒவ்வொன்றும் ஒரு ரகம், கீழே ஆடு மேயும். ஜெர்மனியில் இதை 'ஸ்ட்ரொய்ஓப்ஸ்ட்வீஸ' என்கிறார்கள். சிதறி நிற்கும் பழமரப் புல்வெளி. பூச்சிமருந்து கிடையாது, உரம் கிடையாது. ஹெஸ்ஸன் மாநிலத்தின் ஆப்பிள் வைன் இந்தப் புல்வெளிகளில்தான் பிறந்தது. வைனுக்கு ஆள் இல்லாமல் போனால் மரங்களை வெட்டிவிடுவார்கள் என்று பெரியவர் கவலைப்படுகிறார். அந்தக் கவலை இப்போது எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஓரத்தில் மற்ற எல்லாவற்றையும் விட உயரமாக ஒரு மரம் நின்றது. வேப்பிலையைப் போல இருபுறமும் அடுக்கடுக்காகச் சிற்றிலைகள். காய் சின்ன ஆப்பிள் மாதிரி, பெருநெல்லி அளவு, மஞ்சளில் ஒரு பக்கம் சிவப்பு. அதுதான் ஸ்பையர்லிங். ஆப்பிளின் தூரத்துச் சொந்தம். 1993-இல் ஜெர்மனி இதை அந்த ஆண்டின் மரமாகத் தேர்ந்தெடுத்தது. அவ்வளவு அரிதாகிவிட்டது என்பதுதான் காரணம். "கடித்துப் பாருங்கள்" என்றார் பெரியவர். கடித்தேன்.

நாக்கு, அண்ணம், பல் ஈறு எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடித்தது. பிஞ்சுப் பாக்கும் கடுக்காயும் சேர்ந்து வாயில் அரைபட்டது போல. இரண்டு நிமிடம் எச்சில் ஊறவில்லை. பெரியவர் இந்தச் சுவைக்கு ஜெர்மனில் ஒரு சொல் தேடினார். 'கைப்பு' என்றார், 'கரடு' என்றார், 'வாயைச் சுருக்குவது' என்றார். எங்கள் மொழியில் இதற்குத் தனிச்சொல் உண்டு, ஆறு சுவையில் ஒன்று என்று சொன்னேன். துவர்ப்பு. இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

காய் நன்றாகப் பழுத்து உதிர்ந்து பழுப்பானால் இந்தத் துவர்ப்பு போய்விடும், தின்ன இனிக்கும். வைனுக்கு அது உதவாது. பழுக்கும் முன்பே பறிக்க வேண்டும். பெரியவர் எனக்கு ஒன்றரைக் கிலோ தந்தார். கழுவி, துண்டாக்கி, மிக்ஸியில் விட்டு விட்டு அடித்து, துணியில் முறுக்கிப் பிழிந்தேன். 700 மில்லிலிட்டர் கிடைத்தது. ஆப்பிள் பழுக்க இன்னும் ஒரு மாதம் இருந்ததால் பாட்டிலில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன். மிக்ஸி ஜாரில் ஒட்டியிருந்த விழுது கழுவுவதற்குள் கருத்துவிட்டது.

அக்டோபர்: பழம் சேகரித்தது

இந்தப் பக்கம் சில மரங்களில் மஞ்சள் நாடா கட்டியிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் கேட்காமல் பறித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். பழம் வீணாகி அழுகக் கூடாது என்பதற்காக உரிமையாளர்களே கட்டுவது. அப்படி ஒரு போஸ்கோப் மரம் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் இருந்தது. நெதர்லாந்தின் போஸ்கோப் ஊரில் 1856-இல் கண்டெடுத்த ரகம் இது. சொரசொரத்த தோல், நல்ல புளிப்பு. மகளும் நானும் இரண்டு சனிக்கிழமை போய் முப்பது கிலோ சேர்த்தோம். அவள் கீழே விழுந்ததைப் பொறுக்கினாள், நான் கொக்கிக் கம்பால் பறித்தேன்.

மீதி பெரியவர் தோட்டத்திலிருந்து: போன்அப்ஃபெல் 55 கிலோ, ட்ரியர் வைன்அப்ஃபெல் 25 கிலோ. போன்அப்ஃபெல் மரத்திலிருந்து பறித்த அன்று கல் மாதிரி இருக்கும். ட்ரியர் வைன்அப்ஃபெல் சின்னது, பெயரிலேயே வைன் இருக்கிறது, தின்ன ஆகாது. வாங்கிய விலை: மூன்று நாள் அவருக்குப் பழம் பொறுக்கிக் கொடுத்த உழைப்பு.

பறித்ததும் பிழியக் கூடாது. பத்து நாள் நிழலில், மரப்பெட்டியில், காற்றோட்டமாக வைத்தேன். பழத்திலிருக்கும் மாவுச்சத்து அதற்குள் சர்க்கரையாக மாறும். மாறிவிட்டதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. பழத்தைக் குறுக்கே வெட்டி டிங்சர் அயோடின் தடவினால், மாவு மிச்சம் இருக்கிற இடமெல்லாம் கருநீலமாகும். முதல் நாள் பாதிக்கு மேல் நீலம். பத்தாவது நாள் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடு. போதும்.

நவம்பர் 2: பிழிந்த நாள்

காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை ஆறரைக்கு முடிந்தது. மனைவி, மகள், நான், பெரியவர். அவருடைய அரைக்கும் இயந்திரமும் மரக்கூடை பிரஸும்தான்.

கழுவுதல் முக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பிரித்தெடுத்தல் முக்கியம். கீழே விழுந்து அடிபட்ட பழம் பரவாயில்லை. புழு துளைத்தது பரவாயில்லை, வெட்டி எடுத்தால் போதும். அழுகல், பூசணம் உள்ளது ஒன்றுகூடச் சேரக் கூடாது. அழுகிய ஆப்பிளில் வளரும் நீலப்பூசணம் பட்டுலின் என்ற நச்சை உண்டாக்கும். பழுப்புப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டால் நச்சு போய்விட்டது என்று நம்ப முடியாது, சாற்றோடு பரவியிருக்கும். அதனால் அப்படிப்பட்ட பழத்தை முழுசாகவே ஒதுக்கினோம். ஏறக்குறைய ஒரு வாளி போனது.

அரைத்த விழுது கஞ்சிப் பதத்துக்குப் போனால் துணியின் கண் அடைத்துக்கொண்டு சாறு இறங்காது. கொத்திய மாங்காய் அளவுக்குக் கொரகொரப்பாக இருக்க வேண்டும். முதல் கூடையில் இதை நான் சரியாகச் செய்யவில்லை. இரண்டு தடவை ஓட்டினேன், விழுது மசிந்துவிட்டது. திருகைச் சுற்றினால் சாறு வருவதற்குப் பதில் விழுதே துணியின் ஓரத்தில் பிதுங்கியது. பெரியவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த கூடைகளில் கலந்துவிடச் சொன்னார்.

இன்னொன்று. பிரஸின் இரும்புச் சட்டம் முழுக்க அவர் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார், வருடா வருடம். சாறு வெறும் இரும்பில் படக்கூடாது. துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை போல் ஆகிவிடும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வைன் முழுக்க அந்தக் கறுப்பு படியும். பெயின்ட் உரிந்திருந்த ஓர் இடத்தில் அன்று காலை அவசரமாகப் பிளாஸ்டிக் தாள் சுற்றினோம்.

திருகை ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது. கால் சுற்று, ஐந்து நிமிடம் நிறுத்தம். மறுபடி கால் சுற்று. சாறு தானே வழி தேடிக்கொண்டு வரும். ஆறு கூடை, கூடைக்கு நாற்பது நிமிடம். 110 கிலோ பழத்துக்கு 62 லிட்டர் சாறு. பெரிய ஆலைகளில் இதைவிட நிறைய எடுக்கிறார்கள். கைத்திருகுக்கு இது நல்ல கணக்கு. சக்கை ஆட்டுக்குப் போனது.

பிழிந்த அன்றே குடிக்கும் சாற்றை இங்கே 'ஸ்யூஸர்' என்கிறார்கள். இனிப்பானது என்று பொருள். தேன் நிறம், அடர்த்தி, ஆப்பிளின் வாசம் முழுக்க அதில் இருக்கும். என் அம்மா ஊர் உடன்குடிப் பக்கம். அங்கே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர், தடவாத கலயத்தில் இறக்கினால் கள். இங்கே சுண்ணாம்பு கிடையாது. ஸ்யூஸரை அன்றைக்கே குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் வைக்க வேண்டும், விட்டால் தானே புளித்துவிடும். ஒரு வாரத்தில் பாதி புளித்து, கலங்கலாக, ஈஸ்ட் மிதக்க இருக்கும்போது அதற்குப் பெயர் 'ரவ்ஷர்'. வயிற்றைச் சுத்தம் செய்துவிடும் என்று எச்சரித்துத்தான் ஊற்றிக் கொடுப்பார்கள். மகளுக்காக ஏழு லிட்டர் ஸ்யூஸரை எடுத்து வைத்தோம். நான்கு நாளில் தீர்ந்தது.

அளவு

மீதி 55 லிட்டரை இப்படிப் பிரித்தேன். 1-ஆம் ஜாடியில் 23 லிட்டர், சாறு மட்டும். 2-ஆம் ஜாடியில் 23 லிட்டர், அதோடு ஸ்பையர்லிங் சாறு 700 மில்லி, அதாவது நூற்றுக்கு மூன்று பங்கு. சின்ன ஜாடியில் 9 லிட்டர். முதல் இரண்டுக்கும் குளிர் தாங்கும் வைன் ஈஸ்ட், தலா 5 கிராம். சின்ன ஜாடிக்கு எதுவும் போடவில்லை. பழத்தோலிலும் பிரஸிலும் இருக்கும் ஈஸ்ட் என்ன செய்கிறது என்று பார்க்கலாம் என விட்டேன்.

சர்க்கரை அளக்க மிதவைமானி. பால் சொசைட்டியில் பார்த்த லாக்டோமீட்டரின் அதே தத்துவம். இந்த நாட்டில் இதன் அளவு ஓக்ஸ்லே டிகிரி, ஃபெர்டினாண்ட் ஓக்ஸ்லே என்பவரின் பெயரால் வந்தது. என் சாறு 52 டிகிரி காட்டியது. ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் தண்ணீரை விட 52 கிராம் கனம் என்று பொருள். முழுக்க நொதித்தால் ஆறரை சதவீதத்தை ஒட்டி ஆல்கஹால் வரும். சர்க்கரை சேர்க்கத் தேவையில்லை. புளிப்பை, அதை அளப்பதற்கான நீலக்கரைசலைச் சாற்றில் நிறம் மாறும்வரை சொட்டி அளந்தேன். லிட்டருக்கு ஏழரை கிராம் வந்தது. ஆறிலிருந்து ஒன்பதுக்குள் இருந்தால் கவலை வேண்டாம் என்பது பெரியவர் கணக்கு. போன வருடம் நான் இதை அளக்கவே இல்லை.

நவம்பர் 3 முதல் டிசம்பர் 14 வரை

நிலவறையில் 14 டிகிரி. முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஈஸ்ட் பழையதோ, குளிர் அதிகமோ என்று இரவில் எழுந்து போய்ப் பார்த்தேன். நான்காம் நாள் காலை இரண்டு பெரிய ஜாடிகளிலும் பழுப்பு நுரை கழுத்து வரை ஏறியிருந்தது. இதற்காகத்தான் முதலில் இரண்டு லிட்டர் இடம் விட வேண்டும். நுரை காற்றுப்பூட்டுக்குள் ஏறினால் அடைத்துக்கொண்டு அடைப்பே பிய்த்துக்கொண்டு போகும். ஐந்தாம் நாள் இரண்டு நொடிக்கு ஒரு குமிழி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சர்க்கரையின் எடையில் கிட்டத்தட்டப் பாதி கரியமில வாயுவாகப் போகிறது. 23 லிட்டர் ஜாடி ஒன்றில் மட்டும் அறுநூறு லிட்டருக்கு மேல் வாயு வெளிவரும். அது காற்றை விடக் கனம், தரையோடு தேங்கும். ஜன்னல் இல்லாத சின்ன நிலவறையில் மூன்று ஜாடி வைத்தால் ஆபத்து. நான் ஜன்னலைத் திறந்தே வைத்தேன். மகளைத் தனியாகக் கீழே விடவில்லை. பெரிய அளவில் செய்பவர்கள் அந்தக் காலத்தில் மெழுகுவர்த்தியைத் தாழப் பிடித்துக்கொண்டு இறங்குவார்களாம். சுடர் அணைந்தால் உடனே திரும்பி மேலே வர வேண்டும்.

சின்ன ஜாடி ஆறாம் நாள் தானாகத் தொடங்கியது. மெதுவாக, சின்னச் சின்னக் குமிழி. அதன் வாசம் முதல் இரண்டு வாரம் மற்ற இரண்டையும் விட அழகாக இருந்தது. பேரிக்காய், கொஞ்சம் கிராம்பு. மூன்றாம் வாரம் ஒரு நாள் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம்.

இதற்குப் பயந்து கொட்டிவிடக் கூடாது. ஈஸ்டுக்கு நைட்ரஜன் பற்றாமல் போனால் கந்தக வாயுவை விடும். உரமே காணாத பழைய மரங்களின் பழத்தில் நைட்ரஜன் குறைவாகத்தான் இருக்கும். பாக்கெட் ஈஸ்ட் அதைத் தாங்கிக்கொண்டது, காட்டு ஈஸ்ட் தாங்கவில்லை. சின்ன ஜாடியை வேறு ஜாடிக்கு மாற்றினேன். எப்போதும் குழாயை அடிவரை விட்டுச் சத்தமில்லாமல் மாற்ற வேண்டும். இந்த ஒரு தடவை மட்டும் உயரத்திலிருந்து தளதளவென்று விழ விட்டேன், காற்றோடு சேர்ந்து நாற்றம் வெளியேறட்டும் என்று. நான்கு நாள் கழித்து மறுபடி ஒரு தடவை. நாற்றம் போய்விட்டது. பேரிக்காய் வாசமும் கூடப் போய்விட்டது, அதுதான் வருத்தம்.

டிசம்பர் 15: இறுத்தது

குமிழி நின்று ஒரு வாரம். மிதவைமானி பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் கீழே. சர்க்கரை தீர்ந்தது. அடியில் இரண்டு விரல் கனத்துக்கு வெளிர்பழுப்பு மண்டி. அதோடு நெடுநாள் கிடந்தால் செத்த ஈஸ்டின் நாற்றம் இறங்கும். ரப்பர் குழாயால் மேல்தெளிவை மட்டும் இறுத்து, 20 லிட்டர் ஜாடிகளுக்கு மாற்றினேன். ஜாடி மாற்றியதே இதற்காகத்தான். இப்போது கழுத்து வரை வைன், நடுவில் ஒரு விரல்கூட இடைவெளி இல்லை. மிஞ்சிய ஒன்றிரண்டு லிட்டரை அன்றே நண்பர்களோடு குடித்துத் தீர்த்தோம். வைன் கெடாமல் காக்கும் கந்தக உப்பான பொட்டாசியம் பைரோசல்ஃபைட், பத்து லிட்டருக்கு ஒரு கிராம் போட்டேன். அதைச் சேர்க்காமல் செய்பவர்களும் உண்டு. போன வருடப் படலத்தைப் பார்த்தவனுக்கு அந்தத் துணிவு வரவில்லை.

அதற்குப் பிறகு அடைப்பைத் திறக்கவே இல்லை. இந்த வேலையில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது இந்த நான்கு வாரம்தான்.

ஜனவரி 12

இந்தத் தேதிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். இரண்டு ஜாடிகளையும் ஜன்னல் பக்கம் வைத்துப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தேன். 1-ஆம் ஜாடியின் பின்னால் தலைப்பு எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிந்தது. 2-ஆம் ஜாடியின் பின்னால் சின்ன எழுத்தையும் வாசிக்க முடிந்தது. ஒரே பழம், ஒரே ஈஸ்ட், ஒரே அறை. வித்தியாசம் 700 மில்லி ஸ்பையர்லிங் மட்டும்.

கலங்கலுக்குப் பெரிய காரணம் சாற்றில் மிதக்கும் புரதம். துவர்ப்புச் சத்து புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து கனமாகி அடியில் இறங்கும். தோல் பதனிடுவதும் இதே வேலைதான், கடித்தால் வாய் இழுப்பதும் இதே வேலைதான், அங்கே எச்சிலின் புரதம். பெரியவருக்குத் தேற்றாங்கொட்டையைப் பற்றிச் சொன்னேன். கலங்கிய கிணற்றுத் தண்ணீரைப் பானையில் ஊற்றும் முன் உட்புறம் அந்தக் கொட்டையைத் தேய்ப்பார்கள், சேறு அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். இங்கே அந்த இடத்தில் ஒரு காய். அவர் காலத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு ஸ்பையர்லிங் மரம் இருந்ததாம். வைனைத் தெளிய வைக்கவும் கெடாமல் காக்கவும் அது இல்லாமல் முடியாது என்று நினைத்தார்களாம். வடிகட்டும் இயந்திரம் வந்தபிறகு அந்த நினைப்பு போனது, மரங்களும் போயின.

மார்ச்: சுவை

2-ஆம் ஜாடியின் முதல் வாயில் துவர்ப்பு முந்திக்கொண்டு வந்தது. மூன்று சதவீதம் சற்று அதிகமோ என்று தோன்றியது. பத்து நிமிடம் டம்ளரில் வைத்துக் குடித்தால் புளிப்பு முன்னால் வந்து, துவர்ப்பு பின்னால் நின்று, விழுங்கிய பிறகும் நாக்கின் ஓரத்தில் இருந்தது. ஸாக்ஸன்ஹவுஸனில் மூன்றாவது டம்ளரில் எனக்குக் கிடைத்தது இதுதான். 1-ஆம் ஜாடியும் நல்ல வைன்தான், சுத்தமான புளிப்பு, ஆனால் விழுங்கியதும் முடிந்துவிடுகிறது. மனைவிக்கு அதுதான் பிடித்தது, சோடாவோடு கலந்து. சோடா கலந்தால் இங்கே அதற்குப் பெயர் 'புளிப்புத் தெளிப்பு', லெமனேட் கலந்தால் 'இனிப்புத் தெளிப்பு'. இனிப்புத் தெளிப்பைக் கேட்டால் பழைய கடைகளில் பரிமாறுபவர் முகம் கொடுக்க மாட்டார்.

பெரியவர் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். 2-ஆவதைச் சுட்டி, "இதை அடுத்த அக்டோபர் வரை வைத்திருங்கள்" என்றார். துவர்ப்பு வருடத்தில் மழுங்கி மிருதுவாகும் என்பது அவர் அனுபவம். அன்று வெங்காயமும் காடியும் எண்ணெயும் ஊற்றிய புளித்த பால்கட்டி கொண்டுவந்திருந்தார். இந்த ஊர் ஆப்பிள் வைனுக்கு அதுதான் தோழன். எலுமிச்சை ஊறுகாய் ஒரு துண்டு வைத்துக் கொடுத்தேன், அதுவும் பொருந்தியது.

2007-இல் ஐரோப்பிய ஆணையம், 'வைன்' என்ற சொல் திராட்சையிலிருந்து வருவதற்கு மட்டுமே இருக்க வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஹெஸ்ஸன் முழுக்க எதிர்ப்பு எழுந்து அது கைவிடப்பட்டது. 2022-இல் கைவினை ஆப்பிள் வைன் பண்பாடு ஜெர்மனியின் மரபுசார் பண்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. இந்தச் செய்திகளை முன்பு படித்தபோது ஒரு பேருக்காக இவ்வளவா என்றுதான் நினைத்தேன். நூற்றுப்பத்துக் கிலோவைக் கையால் திருகிய பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

மொத்தக் கணக்கு: 1-ஆம் ஜாடியிலிருந்து ஒரு லிட்டர் பாட்டில் 19, 2-ஆம் ஜாடியிலிருந்து 19, சின்ன ஜாடியிலிருந்து 7. சின்ன ஜாடி சமையலுக்கும் குடிக்கவும் ஆகும், அதற்கு மேல் அதைப் புகழ முடியாது. 2-ஆம் ஜாடியின் பத்துப் பாட்டிலில் அக்டோபர் என்று எழுதி நிலவறையில் கடைசி அடுக்கில் வைத்துவிட்டேன்.

அடுத்த தடவை ஸ்பையர்லிங் ஒரு ஜாடியில் ஒன்றரை சதவீதம், இன்னொன்றில் இரண்டரை. ஃப்ரீசரில் வைத்ததால் சாற்றின் துவர்ப்பு குறைந்ததா என்பதையும் பார்க்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் காயைத் தனியாக நொதிக்க விட்டு வைக்கப்போகிறேன். காட்டு ஈஸ்ட் ஜாடிக்குத் தொடக்கத்திலேயே ஈஸ்ட் உணவு. விழுதை ஒரே தடவைதான் அரைப்பேன். செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குப் பெரியவரிடம் உயர ஏணியைக் கேட்டு வைத்திருக்கிறேன், ஸ்பையர்லிங்கின் மேல்கிளைக் காயெல்லாம் இந்த வருடம் எட்டவில்லை.